கைக்குழந்தை உள்ள வீட்டில் சிகரெட் புகை: புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பக்கத்தில் யாராவது சிகரெட்டைப் பற்றவைத்தால், பிடிக்காதவர்கள் எழுந்து போய்விடலாம். நடக்கப் பழகிய குழந்தைகூட முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிடும். மூன்று மாதக் குழந்தையால் தலையைத் திருப்ப முடியும், அவ்வளவுதான். படுக்கவைத்த இடத்தில் என்ன காற்று இருக்கிறதோ அதைத்தான் அது இழுத்தாக வேண்டும்.

என் மகள் பிறந்தபோது நான் புகைபிடித்துக்கொண்டிருந்தேன். அவள் இருக்கும் அறையில் ஒருநாளும் பற்றவைத்ததில்லை. பால்கனிக்குப் போவேன். அவள் அழுதால் காதில் விழ வேண்டுமே என்று கதவைப் பாதி திறந்துவைத்துவிட்டு, வாசலிலேயே நின்று பிடிப்பேன். அதுவே பெரிய பாதுகாப்பு என்று மனதார நம்பினேன். அந்தப் பாதிக் கதவு எவ்வளவு புகையை உள்ளே விட்டது என்பது எனக்குப் புரிய ஐந்து மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வீட்டில் புகைபிடிப்பவர் நீங்களாக இருக்கலாம், கணவராக இருக்கலாம், மாமனாராக, கூடத் தங்கியிருக்கும் தம்பியாக இருக்கலாம். யாராக இருந்தாலும் செய்ய வேண்டியவை இவைதான்.

படி 1: புகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இழுத்து வெளியே விடும் புகைதான் ஆபத்து, அதை வேறு பக்கம் ஊதிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அறையில் சேரும் புகையில் பெரும்பங்கு, ஏறக்குறைய 85 சதவீதம், விரலிடுக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் சிகரெட்டின் நுனியிலிருந்து வருகிறது. ஊதிவிடும் புகை மீதி 15 சதவீதம்தான். நுனிப் புகை ஃபில்டர் வழியாக வருவதில்லை. இழுக்காத நேரத்தில் நெருப்பின் சூடும் குறைவு, அதனால் புகையிலை அரைகுறையாக எரிகிறது. எடைக்கு எடை பார்த்தால், புகைப்பவர் உள்ளிழுக்கும் புகையைவிட இதில் நச்சு அதிகம். பீடி, சுருட்டு, ஹூக்கா எல்லாவற்றின் புகையும் குழந்தைக்குக் கெடுதல்தான்.

புகையிலைப் புகையில் 7000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. புகையில் 80 சதவீதத்துக்கும் மேல் கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இராது. ஆகவே, "வாசனையே வரவில்லையே" என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது.

பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை விடுகிறது. ஒரே அறையில் இருந்தாலும், உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைதான் அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறது. அதன் மூச்சுக்குழாய்களும் மிகக் குறுகியவை. நமக்கு லேசான தொண்டைக் கரகரப்பாகப் போகும் ஒரு வீக்கம், குழந்தைக்குக் காற்றுப் போகும் வழியையே பாதியாக அடைத்துவிடும். புகைக்கு ஆளாகும் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் அழற்சி, நிமோனியா, காதில் சீழ், வீசிங் எல்லாம் அதிகமாக வருகின்றன. நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோகும் திடீர் சிசு மரணத்துக்கும் புகை ஒரு காரணம். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய எல்லையே கிடையாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது.

படி 2: வீட்டுக்குள் யாரும், எந்த அறையிலும், எப்போதும் பற்றவைக்கக் கூடாது

மற்ற எல்லாப் படிகளும் இதைச் சார்ந்தே நிற்கின்றன. ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

புகையிலையில் உள்ள, பழக்கத்துக்கு அடிமையாக்கும் நிகோட்டின் உடலுக்குள் போனதும் கோட்டினின் என்ற பொருளாக மாறும். சிறுநீரில் அதை அளந்தால், குழந்தை எவ்வளவு புகைக்கு ஆளானது என்று தெரிந்துவிடும். ஸ்வீடனில் இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைகளிடம் இப்படி அளந்து 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புகைபிடிக்காத வீட்டுக் குழந்தையின் அளவை 1 என்று வைத்துக்கொண்டால், பெற்றோர் வீட்டுக்குள்ளேயே பிடிக்கும் வீட்டுக் குழந்தைக்கு அது சுமார் 15. சில நேரம் வெளியிலும் சில நேரம் சமையலறைப் புகைபோக்கி விசிறியின் கீழும் பிடிக்கும் வீடுகளில் சுமார் 3. வெளியே போய்க் கதவை முழுவதும் சாத்திவிட்டுப் பிடிக்கும் வீடுகளில் சுமார் 2.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 15க்கும் 2க்கும் நடுவே இருப்பது ஒரு சாத்திய கதவு. அதற்குச் செலவு எதுவும் இல்லை, இன்றைக்கே செய்துவிடலாம். அதே சமயம், கதவைச் சாத்தினாலும் 2தான், 1 இல்லை. அதற்கான காரணத்தைப் படி 4இல் சொல்கிறேன்.

"ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறேனே" என்பார்கள். ஜன்னல் வழியாகக் காற்று வெளியே போவது போலவே உள்ளேயும் வரும். எந்தப் பக்கம் வீசும் என்பது நம் கையில் இல்லை. மின்விசிறி புகையை வெளியேற்றாது, அறை முழுக்கப் பரப்பும். ஏசி பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. காற்றுச் சுத்திகரிப்புக் கருவி துகள்களில் ஒரு பங்கைப் பிடிக்கும், ஆனால் வாயுக்கள் பெரும்பாலும் தப்பிவிடும். நறுமண ஸ்பிரே வாசனையை மறைக்கும், அவ்வளவே. குழந்தை வேறு அறையில் இருக்கிறது என்பதும் காரணமாகாது. கதவிடுக்கு வழியாகப் புகை எங்கும் போகும், கடைசி இழுப்புக்குப் பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் காற்றில் நிற்கும். குழந்தை வெளியே போயிருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் இதனால்தான் சரிவருவதில்லை.

மின் சிகரெட்டுக்கும் இதே விதிதான். அதில் வருவது வெறும் நீராவி இல்லை. நிகோட்டினும் மிக நுண்ணிய துகள்களும் அதில் உண்டு.

சரி, வெளியே என்றால் எங்கே? வாசற்படியில் இல்லை, ஜன்னலுக்கு நேர் கீழேயும் இல்லை. நாலு எட்டு தள்ளிப் போங்கள். போகும்போதே கதவைச் சாத்திவிடுங்கள். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்று பிடிப்பது, வீட்டுக்குள் பிடிப்பதைவிட மேல் என்று நினைக்காதீர்கள். அப்போது நுனிப் புகைக்கும் குழந்தையின் முகத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது.

படி 3: வீட்டில் உள்ளவர்களிடம் பேசுங்கள்

பலருக்கும் தடையாக நிற்பது இதுதான். கதவைச் சாத்துவது சுலபம், மாமனாரிடம் போய்ச் சொல்வது சுலபமில்லை. என் அனுபவத்தில் ஒரு வழி உதவியது. ஆளைப் பற்றிப் பேசாமல், வீட்டைப் பற்றிப் பேசுங்கள். "நீங்கள் புகைபிடிக்கக் கூடாது" என்றால் அது அவருடைய பழக்கத்தின் மீதான தீர்ப்பாகிவிடுகிறது. "குழந்தை வந்ததிலிருந்து இந்த வீட்டுக்குள் யாரும் பற்றவைப்பதில்லை" என்றால் அது எல்லாருக்கும் பொதுவான வழக்கம். அவர் எத்தனை பிடிக்கிறார் என்பதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பெரியவர்களிடம் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "அப்பா, பாப்பாவுக்கு மூச்சுக்குழாய் ரொம்பச் சின்னதுப்பா. வீட்டுக்குள்ள புகையே கூடாதுன்னு வெச்சிருக்கோம். வெளியில உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கேன், முடிச்சுட்டு வாங்க, அப்புறம் பாப்பாவைத் தூக்கிக்கலாம்." அந்த நாற்காலி முக்கியம். உட்கார ஓர் இடமும் சாம்பல் தட்ட ஒரு கிண்ணமும் வெளியே இருந்தால், விரட்டியது போல இருக்காது. வீட்டுக்குள் இருக்கும் சாம்பல் கிண்ணங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். கிண்ணம் கண்ணில் பட்டால் கை தானாகப் பாக்கெட்டைத் தேடும்.

தம்பி, மைத்துனர், நண்பர்கள் என்றால் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். "குழந்தை இருக்குடா, வெளியே போய்ப் பிடி" என்றால் போதும்.

"உன்னை இப்படித்தான் வளர்த்தோம், உனக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதில் விவாதத்தில் இறங்காதீர்கள். "அப்ப யாருக்கும் தெரியாதுப்பா, இப்பத் தெரியுது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் வளர்த்த விதத்தில் குறை சொல்வது போல ஒரு சொல்கூட வர வேண்டாம். கணவன் மனைவி இருவரும் முன்கூட்டியே பேசி ஒரே பேச்சில் நிற்பதும் அவசியம். ஒருவர் விலக்குக் கொடுத்தால் மறுநாளே விதி போய்விடும். அவரவர் பெற்றோரிடம் அவரவரே பேசுவது நல்லது. மருமகள் சொல்லி வருத்தம் வருவதைவிட மகன் சொல்லிக் கேட்பது எளிது.

படி 4: வெளியிலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்காதீர்கள்

புகை அணைந்த பிறகும் முடி, தோல், சட்டை, சோபா, திரைச்சீலை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு மிஞ்சியிருக்கிறது. இதை மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். ஒட்டியிருக்கும் நிகோட்டின் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய்க் காரணிகளாக மாறுகிறது என்று 2010இல் கண்டறிந்தார்கள். குழந்தை தோளில் சாய்ந்து சட்டைக் காலரைச் சப்பும், தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும். மூச்சு வழியாக மட்டுமில்லாமல் வாய் வழியாகவும் தோல் வழியாகவும் அதற்கு இது சேர்கிறது.

அமெரிக்காவில் 2004இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், வெளியே போய் மட்டும் புகைபிடித்த தாய்மார்களின் வீடுகளிலும், புகையே இல்லாத வீடுகளைவிட 5 முதல் 7 மடங்கு மாசு இருந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே வெளியே பிடிக்கும்போது மேலே போட்டுக்கொள்ள ஒரு தனிச் சட்டையோ ஜாக்கெட்டோ வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றி வெளியிலேயே மாட்டிவிட்டு உள்ளே வாருங்கள். வந்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, வாய் கொப்பளியுங்கள். கடைசி இழுப்புக்குப் பிறகும் நுரையீரலில் தங்கிய புகை சில நிமிடங்களுக்கு மூச்சில் வந்துகொண்டே இருக்கும். கால் மணி நேரமாவது கழித்துக் குழந்தையைத் தூக்குங்கள். இவையெல்லாம் மாசைக் குறைக்கும், முழுக்க நீக்காது.

படி 5: தூங்கும் இடம்

இதில் தயவுசெய்து எந்தச் சமரசமும் வேண்டாம். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் புகைபிடிப்பவராக இருந்தாலும் குழந்தையை அவர்களோடு ஒரே படுக்கையில் படுக்கவைக்கக் கூடாது. படுக்கையறையில் பற்றவைக்காவிட்டாலும், நாள் முழுக்க வெளியே மட்டுமே பிடித்தாலும் இது பொருந்தும். புகைபிடிக்கும் பெற்றோருடன் ஒரே படுக்கையில் தூங்கும் குழந்தைக்குத் திடீர் சிசு மரண அபாயம் பல மடங்கு கூடுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் இன்னும் அதிகம். 2 முதல் 4 மாதம் வரையிலான காலம் மிகக் கவனமாக இருக்க வேண்டியது.

குழந்தைக்கு உங்கள் அறையிலேயே, கைக்கு எட்டும் தூரத்தில், தனிப் படுக்கை போடுங்கள். மெத்தை தட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். தலையணை, கனமான போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். எப்போதும் மல்லாக்கப் படுக்கவையுங்கள். இரவில் பால் கொடுக்கும்போது கண் அசந்துவிடுவது எல்லாருக்கும் நடப்பதுதான். விழித்ததும் குழந்தையை அதன் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். சோபாவில் குழந்தையோடு தூங்குவது மட்டும் கூடவே கூடாது.

படி 6: அம்மா புகைபிடிப்பவராக இருந்தால்

இதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. அதனால் தவறான ஆலோசனைதான் காதில் விழுகிறது: "புகைபிடித்தால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது." அப்படி இல்லை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தொற்றுகளிலிருந்து அது தரும் பாதுகாப்பு, புகை இருக்கும் வீட்டுக் குழந்தைக்கு இன்னும் தேவை. நிகோட்டின் பாலில் கலக்கும் என்பது உண்மை. சுமார் இரண்டு மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகும். எனவே விட முடியாத நாட்களில், பால் கொடுத்து முடித்த உடனே, வெளியே போய்ப் பிடியுங்கள். பால் கொடுப்பதற்கு முன்னால் வேண்டாம். எண்ணிக்கை குறையக் குறைய நல்லது. புகையை விட உதவும் நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பட்டை போன்றவற்றைப் பாலூட்டும்போதும் பயன்படுத்த வழி உண்டு. எது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், இந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதில்லை.

படி 7: வீட்டைச் சுத்தம் செய்யுங்கள்

விதி வந்த பிறகுதான் இதற்குப் பயன் உண்டு. உள்ளே பிடித்துக்கொண்டே கழுவிக்கொண்டிருந்தால் வேலை தீராது.

துணி முதலில். திரைச்சீலை, மெத்தை உறை, சோபா உறை, குழந்தையின் துணி எல்லாவற்றையும் துவையுங்கள். பிறகு சுவர், கதவு, மேசை, தரை. நிகோட்டின் காரத்தன்மை உள்ளது என்பதால் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்தால் நன்றாக விடும். ஆனால் வினிகரையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். பழைய கம்பளமும் பஞ்சு அடைத்த நாற்காலியும் எவ்வளவு கழுவினாலும் விடாது. முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

வேறு வீட்டுக்கு மாறுகிறீர்கள் என்றால், முன்பு அங்கே இருந்தவர்கள் புகைபிடித்தார்களா என்று கேளுங்கள். புகைபிடித்தவர்கள் காலி செய்து இரண்டு மாதம் ஆகி, சுத்தமும் செய்த பிறகும் சுவரிலும் தூசியிலும் நிகோட்டின் இருந்தது என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று. குழந்தை தவழத் தொடங்கியதும் சிகரெட் துண்டு நேரடி ஆபத்தாகிவிடும். அணைத்த துண்டிலும் நிகோட்டின் மிஞ்சியிருக்கும். குழந்தை அதை வாயில் போட்டுவிட்டு வாந்தி எடுத்தால், எச்சில் வழிந்தால், வெளிறிப்போனால், துவண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நீங்களாக வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். மின் சிகரெட்டில் ஊற்றும் திரவம் இதைவிடக் கொடியது. கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. அது பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும்.

படி 8: காரும் அடுத்த வீடும்

கார் என்பது மிகச் சிறிய அறை. ஒரு சிகரெட்டிலேயே அதன் காற்று வீட்டு அறையைவிட மோசமாகிவிடும், கண்ணாடியை இறக்கினாலும் சரி. குழந்தை ஏறும் காரில், அது இல்லாத நேரத்திலும் பிடிக்காதீர்கள். 2015 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில், 18 வயதுக்கு உட்பட்டவர் இருக்கும் காரில் புகைபிடிப்பது சட்டப்படி குற்றம்.

பக்கத்து வீட்டுப் புகை வருகிறது என்றால் வாசற்கதவின் அடியில் இருக்கும் இடைவெளியை அடையுங்கள், அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், குழந்தையின் படுக்கையை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். அப்புறம் அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். குழந்தையை உடன் எடுத்துப் போனால் பாதிப் பேச்சு தேவைப்படாது.

படி 9: மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

குழந்தைக்குச் சளி, இருமல், காது வலி என்று போகும்போது, "வீட்டில் இன்னார் புகைபிடிக்கிறார்" என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விட்டாலும் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வரும் வீசிங்குக்குக் காரணம் தேடும்போது இந்த ஒரு வரி நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூச்சை எண்ணவும் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு, அன்றைக்கே காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல், முனகல், உதடு நீலமாதல், பால் குடிக்க முடியாமை இவற்றில் எது தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

படி 10: விடுவது

மேலே சொன்னதெல்லாம் குழந்தைக்கும் புகைக்கும் நடுவே தடுப்பு வைப்பது. புகையையே நிறுத்துவதற்கு ஈடாக எந்தத் தடுப்பும் வராது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் வீடுகளில் இதுவும் கொஞ்சம் எளிதாகிறது. ஒவ்வொரு முறையும் சட்டை மாட்டி, கதவைச் சாத்தி, படியிறங்கிப் போக வேண்டியிருந்தபோது, எனக்குப் பழக்கத்துக்காக மட்டும் பிடித்தவை முதலில் உதிர்ந்துபோயின.

பிடிக்க வேண்டும் என்ற வேகம் ஒருமுறை வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்த நேரத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நான் குழந்தையின் துணியை மடிப்பேன். மன உறுதி மட்டுமே போதும் என்று நினைத்துத் தனியாகப் போராட வேண்டாம். நிகோட்டின் சூயிங்கமும் பட்டையும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. பல நாடுகளில் சிகரெட் பாக்கெட்டிலேயே இலவச உதவி எண் அச்சிட்டிருக்கிறார்கள். மருத்துவர் ஆலோசனையோ தொலைபேசி உதவியோ மருந்தோடு சேர்ந்தால் விட்டுவிடும் வாய்ப்பு கூடுகிறது.

தூக்கமில்லாத இரவுகள் நிறைந்த காலம் இது. இரண்டு வாரம் விட்டுவிட்டு மூன்றாவது வாரம் ஒன்றைப் பிடித்துவிட்டீர்கள் என்றால், எல்லாம் போயிற்று என்று மறுபடி வீட்டுக்குள் பற்றவைத்துவிடாதீர்கள். அந்த ஒன்றும் கதவுக்கு வெளியே, கதவைச் சாத்திய பிறகுதான். முடித்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள். மிச்சம் இருக்கும் பாக்கெட்டை அப்போதே தண்ணீரில் நனைத்து, குழந்தைக்கு எட்டாத மூடிய குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள்.